உலைக்கும் கோயிலுக்கும் ஒரே சொல்

2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு 'இரும்பின் தொன்மை' என்ற ஆய்வறிக்கையை வெளியிட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 3345 என்று அதில் இருந்தது. தமிழ் மண்ணில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்ற வாசகம் அன்று மாலைக்குள் எல்லோருடைய செல்பேசியிலும் ஓடியது. நம் தோழர்களும் பகிர்ந்தார்கள். பகிரத்தான் வேண்டும். வடக்கிலிருந்து வந்தவர்கள்தாம் இங்கே நாகரிகம் கொண்டுவந்தார்கள் என்ற பழைய கதைக்கு அது ஒரு பதில்.

ஆனால் பெருமையோடு நின்றுவிட்டால் பாதி வரலாறுதான் கையில் இருக்கும். அந்த இரும்பை உருக்கியவர் யார்? ஊதுலைக்கு முன்னால் நின்ற அந்த மனிதர் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டார்? இரும்பை வாங்கிக்கொண்டவர்கள் அவரைத் தங்கள் வீட்டுக்குள் விட்டார்களா? சிவகளை மண்ணுக்கு இந்தக் கேள்விகளுக்கு வாய் இல்லை. ஆனால் நீலகிரி மலையில் இதற்குப் பதில் சொல்லக்கூடிய மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் கோத்தர்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கோத்தர்கள் இரும்புக் காலத்தின் மிச்சம் அல்ல. 'ஆதிவாசி என்றால் காலத்தில் உறைந்துபோனவர்' என்பது வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த பொய். நமக்கு எத்தனை ஆண்டு வரலாறு உண்டோ அத்தனை ஆண்டு வரலாறு அவர்களுக்கும் உண்டு. அவர்களை வைத்து 3,000 ஆண்டுக்கு முந்தைய வாழ்வை அப்படியே படம் பிடிக்க முடியாது. ஆனால் உலோகம், தெய்வம், சாதி மூன்றும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதை அவர்களிடம் கற்கலாம்.

ஏழு ஊர்கள், ஒரு சொல்

கோத்தர்களுக்கு நீலகிரியில் ஏழு ஊர்கள். கொல்லிமலை, சோலூர் கோக்கால், திருச்சிக்கடி, குந்தா கோத்தகிரி, புது கோத்தகிரி, கீழ் கோத்தகிரி, கூடலூர் கோக்கால். கோத்தகிரி என்று இன்று நாம் பேருந்தில் ஏறி இறங்கும் ஊரின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். ஆண்கள் இரும்பு அடித்தார்கள், மர வேலை செய்தார்கள், வெள்ளியும் உருக்கினார்கள். பெண்கள் பானை வனைந்தார்கள். மலையில் கோடாரி, அரிவாள், மண்வெட்டி, கத்தி எல்லாம் இவர்கள் உலையிலிருந்து போனவை. சாவு வீட்டுக்கும் விழாவுக்கும் குழலும் முரசும் இவர்களே வாசித்தார்கள்.

1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்த மொழியியலாளர் மர்ரே எமனோ கோத்தர் மொழியை ஊன்றிப் படித்தார். பிறகு டி. பர்ரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் ஒரு பதிவு இருக்கிறது. தமிழில் 'கொல்' என்றால் இரும்பு வேலை, அதிலிருந்து கொல்லன். அதே வேரில் கோத்தர் மொழியில் 'கொலேல்' என்றொரு சொல். அதற்கு அகராதி இரண்டு பொருள் தருகிறது: கொல்லன் பட்டறை, கோத்தர் ஊரிலுள்ள கோயில். பட்டறைக்கும் கோயிலுக்கும் ஒரே சொல். தொதவர் மொழியிலும் அதன் உறவுச் சொல் இருக்கிறது. அங்கே அதற்குக் கோத்தர் பட்டறை என்பது மட்டுமே பொருள். அடித்தவனுக்கு அது கோயிலாகவும் இருந்தது, வாங்கியவனுக்கு வெறும் பட்டறை. ஒரு மலையின் சமூக உறவு இரண்டு சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

அந்தக் கோயிலில் இருப்பவர்கள் அய்னோர், அம்னோர். அப்பன் தெய்வம், அம்மை தெய்வம். அப்பன் தெய்வத்திலேயே பெரியவர், சிறியவர் என்று இருவர் உண்டு. மூத்த கோயில்களில் மனித உருவச் சிலை கிடையாது. பூசாரி கோத்தரே, சாமி வந்து குறி சொல்பவரும் கோத்தரே. இடையில் பிராமணர் இல்லை. குளிர்காலத்தில், டிசம்பர், ஜனவரி வாக்கில், பல நாள் நீளும் பெருவிழா நடக்கும். அந்த விழாவில் கோயிலிடத்தில் உலை மூட்டி உலோக வேலை செய்யும் சடங்கு இருந்ததைப் பழைய பதிவுகள் குறிக்கின்றன. வழிபாடு என்பது வேலையை நிறுத்திவிட்டுச் செய்யும் காரியமாக இல்லை. வேலை செய்வதே வழிபாட்டின் ஒரு பகுதியாக இருந்தது.

உலகத்துக் கொல்லர் தெய்வங்கள்

இது நீலகிரியில் மட்டும் நடந்ததா? இல்லை. சைப்ரஸ் தீவில் கிதியோன் என்ற பழைய நகரைத் தோண்டியபோது செம்பு உருக்கும் பட்டறைகள் கோயில்களை ஒட்டி இருந்தன. சுமார் 3,200 ஆண்டுகளுக்கு முந்தையவை. அதே தீவில் எங்கோமியில் ஒரு வெண்கலத் தெய்வம் கிடைத்தது. அது நிற்கும் பீடம் அந்தக் காலத்தில் செம்பை வார்த்து விற்ற கட்டியின் வடிவம். தங்களுக்குச் சோறு போட்ட பொருளின் மேலேயே தெய்வத்தை நிற்க வைத்தார்கள். இஸ்ரேலின் தெற்கே திம்னா செம்புச் சுரங்கத்தில் எகிப்தியர் ஹாத்தோர் என்ற பெண் தெய்வத்துக்குச் சிறு கோயில் கட்டினார்கள். பின்னால் அதைத் தம் வழிபாட்டிடமாக்கிக்கொண்ட பாலைவன மக்கள் பொன் முலாம் பூசிய செம்புப் பாம்பு ஒன்றை அங்கே விட்டுச் சென்றார்கள்.

ஏன் இத்தனை தெய்வங்கள்? வெண்கலத்துக்குச் செம்பும் வெள்ளீயமும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. எனவே உலோகம் என்றாலே தூரத்து ஊர், அந்நிய மொழி, பிறர் கடவுள். ஒப்பந்தம் செய்யும்போது இரு தரப்புத் தெய்வங்களும் சாட்சிக்கு வேண்டும். எகிப்தும் ஹிட்டைட்டுகளும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையில் ஹத்தி நாட்டின் ஆயிரம் தெய்வங்களும் எகிப்தின் ஆயிரம் தெய்வங்களும் சாட்சிகள். 'உன் சாமி பொய்' என்று சொல்லியிருந்தால் அந்த உடன்படிக்கைக்கு ஆள் கிடைத்திருக்காது.

இங்கே நம் தோழர்கள் சிலர் ஒரு முடிவுக்குத் தாவுவதைப் பார்க்கிறேன். 'பல தெய்வம் என்றால் சகிப்புத்தன்மை, சமத்துவம். ஒரே கடவுள் என்றால் ஆதிக்கம்' என்கிறார்கள். அவ்வளவு எளிதாக இருந்தால் ஆயிரம் தெய்வம் உள்ள நம் நாட்டில் சேரியே இருந்திருக்காது. தெய்வங்களின் எண்ணிக்கையை எண்ணிப் பயனில்லை. அவற்றுக்குள் யார் மேலே, யார் கீழே என்று பார்க்க வேண்டும்.

எகிப்தின் மெம்பிஸ் நகரில் கைவினைஞர்களின் தெய்வமான ப்தா உலகத்தையே படைத்தவர். ஆனால் கிரேக்கத்தில் கொல்லர் தெய்வமான ஹெபைஸ்டஸ் கால் ஊனமானவர். தேவர்கள் எல்லோருக்கும் ஆயுதமும் அரண்மனையும் செய்து தருபவர் அவர்தான். விருந்தில் அவர் நொண்டி நடப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் அதே தேவர்கள்தான். பழங்கால உலோக வேலையில் செம்போடு ஆர்சனிக் கலந்ததால் கொல்லர்களின் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், அந்த நினைவுதான் நொண்டித் தெய்வமாயிற்று என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கருத்து சரியோ தவறோ, செய்பவனிடம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவனையே பார்த்துச் சிரிப்பது நமக்குப் புதிதல்ல.

மூன்று வியர்வைத் துளிகள்

1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதியில் கோத்தர் கதை ஒன்று வருகிறது. காமட்டராயன் என்ற தெய்வத்துக்கு வியர்த்துக் கொட்டியது. நெற்றியிலிருந்து மூன்று துளிகளை வழித்தார். அவற்றிலிருந்து தொதவர், குறும்பர், கோத்தர் ஆகிய மூன்று மக்கள் தோன்றினார்கள். தொதவர் பாலை நம்பி வாழ வேண்டும். குறும்பர் எருமைக் கன்றின் இறைச்சியை உண்ணலாம். கோத்தருக்கு உணவில் எந்தத் தடையும் இல்லை. வேறு கிடைக்காவிட்டால் செத்த மாட்டையும் தின்னலாம்.

இந்தக் கதையைப் புருஷ சூக்தத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஒருவன் வாயிலிருந்து, ஒருவன் காலிலிருந்து. பிறப்பிலேயே உயரமும் தாழ்வும் வந்துவிடுகின்றன. இங்கே மூவரும் ஒரே நெற்றியின் வியர்வை. அதுவும் உழைப்பில் வரும் வியர்வை. பிறப்பு சமம்தான். ஆனால் சாப்பாட்டுத் தட்டில் ஏற்றத்தாழ்வு நுழைந்துவிடுகிறது. பாலில் தொடங்கி செத்த மாட்டில் முடிகிறது வரிசை. தொதவர் ஈமச் சடங்கில் பலியான எருமைகளின் உடல் கோத்தருக்குக் கொடுக்கப்படும். இசைத்ததற்குக் கூலி அது. அந்தக் கூலியைத் தின்றதாலேயே அவர்கள் தீட்டானவர்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பறை அடிக்கச் சொல்லி, மாட்டைத் தூக்கச் சொல்லி, பிறகு அதற்காகவே ஊருக்கு வெளியே நிறுத்தும் அந்தச் சுழலை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கோத்தர்கள் அட்டவணைப் பழங்குடியினர், தலித்துகள் அல்ல. இரண்டு வரலாறுகளையும் குழப்பக் கூடாது. ஆனால் ஒடுக்கும் பொறி ஒன்றுதான்.

சமவெளியிலும் கொல்லரின் கதை வேறு விதமாக இல்லை. கொங்கு நாட்டில் கரூரிலும் கோவை பேரூரிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கண்மாளர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்குச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், செருப்புப் போட்டுக்கொண்டு வெளியே போகலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று அரசன் அனுமதி தருகிறான். செருப்புப் போட அரச ஆணை வேண்டுமென்றால், அதற்கு முந்தைய நாள் வரை நிலைமை என்ன? ஏரும் வாளும் கோயில் விக்கிரகமும் செய்தவர்களுக்கு இந்த நிலை. அந்தக் கண்மாளர்களும் தங்களுக்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து விலகித்தான் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதி உழைப்பவர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிவைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டது இதைத்தான்.

கல்வெட்டுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து நீலகிரியில் தலைப்பாகை பிரச்சினையாயிற்று. கோத்தர்களில் சிலர் படுகர்களைப் போலத் தலைப்பாகை கட்டத் தொடங்கியபோது அவர்கள் அடிக்கப்பட்டதை மானுடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் 1941இல் எழுதினார். ஒரு முழத் துணி தலையில் ஏறினால் யாருக்கு என்ன நட்டம்? ஆனாலும் அடித்தார்கள்.

காய்ச்சல் வந்தது, புதுத் தெய்வம் வந்தது

1924இல் கொல்லிமலைக் கோத்தர் ஊரைத் தொற்றுக் காய்ச்சல் தாக்கியது. மக்களில் பெரும்பகுதி மாண்டது. உயிர் தப்பியவர்களிடம் கேள்வி எழுந்தது: நம் தெய்வங்கள் ஏன் காக்கவில்லை? அந்தச் சூழலில் ஒருவருக்குச் சாமி வந்தது. பழைய தெய்வங்களோடு சமவெளித் தெய்வங்களை ஒத்த புதிய தெய்வங்களும் வேண்டும் என்று குறி வந்தது. புதுக் கோயில் எழுந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது.

புதுத் தெய்வங்களின் பக்கம் நின்றவர்களில் ஒருவர் சுள்ளி. கோத்தர்களில் படித்துப் பள்ளி ஆசிரியரானவர். எமனோவுக்கும் மாண்டல்பாமுக்கும் தன் மொழியையும் மரபையும் சொல்லிக் கொடுத்தவர். அவர் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டார். செத்த மாட்டுக் கறியை விட வேண்டும், படுகர் சாவு வீடுகளுக்கு இசைக்கப் போவதை நிறுத்த வேண்டும் என்றார். சொந்த ஊரே அவரை எதிர்த்தது. அவருடைய வழியை நாம் முழுதும் ஏற்க வேண்டியதில்லை. மேல்சாதி வழக்கத்தை நகல் எடுத்து மரியாதை வாங்க முயல்வதில் உள்ள பொறியை நாம் அறிவோம். இன்று மாட்டுக்கறியை அவமானமாகப் பார்ப்பவர்களும் நாம் அல்ல. ஆனால் இசைக்கப் போகமாட்டோம் என்பது வேலைநிறுத்தம். 1930களில் கோத்தருக்கும் படுகருக்கும் இடையிலான பழைய கொடுக்கல் வாங்கல் முறை உடையத் தொடங்கியது. கடையில் மலிவான இரும்புச் சாமான்கள் வந்தது ஒரு காரணம் என்றால், இந்த மறுப்பும் ஒரு காரணம்.

தெய்வங்களைச் சேர்ப்பதும் விடுவதும் அரசியல். பல தெய்வ வழிபாட்டுக்குக் கதவு எப்போதும் திறந்திருக்கும். அந்தக் கதவு வழியாக விடுதலையும் வரலாம், விழுங்க வருபவனும் வரலாம். அய்னோரையும் அம்னோரையும் 'சிவனும் பார்வதியும்தான்' என்று 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். இன்றும் அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உலையில் இருந்த அப்பனைக் கயிலாயத்துக்கு அனுப்பிவிட்டால், அந்தக் கோயில் கொல்லனின் பட்டறையாக இருந்தது என்பதை மறைத்துவிடலாம்.

அதே மலையிலிருந்து எழுந்த கேள்வி

நீலகிரி நமக்கு வேறொரு வகையிலும் சொந்தமானது. அயோத்திதாசப் பண்டிதர் இந்த மலையில் வளர்ந்தவர். 1891 டிசம்பர் 1 அன்று ஊட்டியில் அவர் கூட்டிய மாநாடு தீர்மானங்கள் நிறைவேற்றி அனுப்பியது. அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பிரதிநிதியாகப் போனார். எங்கள் மக்களை விஷ்ணு, சிவன் கோயில்களுக்குள் ஏன் அனுமதிப்பதில்லை என்று கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சாஸ்திரி ஒருவர் எழுந்து பதில் சொன்னார். உங்கள் குலத்துக்கு மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் போன்ற சாமிகள் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்பதுதான் அந்தப் பதிலின் சாரம். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று விட்டெறிந்த பண்டிதர், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் எங்களுக்கு நிலமும் கொடுங்கள் என்று கேட்டார். 1898இல் பௌத்தம் தழுவினார்.

அந்த ஒரு பதிலில் சாதிய வழிபாட்டின் இலக்கணம் முழுதும் இருக்கிறது. சாமிகள் பல என்று ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு சாமிக்கும் ஒரு சாதி, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு எல்லை. ஹிட்டைட்டுகளின் ஆயிரம் தெய்வங்கள் ஒரே உடன்படிக்கையில் சேர்ந்து சாட்சி சொல்ல முடிந்தது. நம் ஊரில் கருப்பண்ணனும் சிவனும் ஒரே தெருவில் நிற்க முடியவில்லை. இதே ஆட்கள்தாம் இன்று ஓட்டு எண்ணும் நேரத்தில் 'மதுரைவீரனும் நம்ம சாமிதான்' என்கிறார்கள். 1892இல் அவர்கள் சொன்னதை நாம் மறக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்துத் தெய்வங்கள்

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தர 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் அந்த லயன்களில் குடியேறியவர்களில் மிகப் பலர் நம் மக்கள்.

அவர்கள் விட்டுவந்த மலையகத்தின் தெய்வங்களைக் கேளுங்கள். கவ்வாத்து வெட்டப் போகும் முன் கும்பிட்ட கவ்வாத்துச் சாமி. கொழுந்து எடுக்கும் மலையில் கொழுந்துச் சாமி. தேயிலை ஆலையில் சுற்றும் பெரிய இரும்புச் சக்கரத்துக்கு ரோதைமுனி. ரோதை என்றால் சக்கரம். வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்த இயந்திரம். கை சிக்கினால் கை போகும். அதற்குள் ஒரு முனியைக் கண்டு, பொங்கல் வைத்து, 'எங்களைக் காவு வாங்காதே' என்று கேட்டார்கள் நம் பாட்டன்மார். எந்தப் புராணத்திலும் ரோதைமுனி இல்லை. எந்த ஆகமமும் அவருக்கு இடம் தரவில்லை. வேலை செய்த இடத்தில், வேலையின் ஆபத்திலிருந்து, வேலை செய்தவர்களே உண்டாக்கிய தெய்வம் அவர். செம்புக் கட்டியின் மேல் நின்ற எங்கோமி வெண்கலத்துக்கும், மேற்கு ஆப்பிரிக்காவில் யொரூபா மக்கள் இரும்புக்குத் தெய்வமாகக் கும்பிடும் ஓகூனுக்கும் உறவினர்.

ரோதைமுனியைக் கும்பிட்டதால் கூலி உயரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கூலியை உயர்த்தியது சங்கம். ஆனால் அந்த மக்கள் வாயற்றவர்களாக, வெறும் கைகளாக இருக்கவில்லை என்பதற்கு ரோதைமுனி சாட்சி.

நாம் செய்ய வேண்டியது

நீலகிரியின் மலையுச்சிகளில் கற்குவியல் கல்லறைகள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் காங்கிரீவ், ஜேம்ஸ் பிரீக்ஸ் போன்ற வெள்ளை அதிகாரிகள் அவற்றைத் தோண்டி, வெள்ளீயம் மிகுந்த வெண்கலக் கிண்ணங்களையும் இரும்புக் கருவிகளையும், எருமை உருவம் வைத்த மண் மூடிகளையும் எடுத்தார்கள். பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். அடுத்த முறை எழும்பூருக்குப் போகும் மாணவர்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன் நின்று எழுதியிருப்பதைப் படியுங்கள். யார் தோண்டினார் என்று இருக்கும். யார் வார்த்தார் என்று கேள்வியாவது எழுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வரலாறு படிக்கும் தோழர்கள் தங்கள் ஊர்க் கொல்லன் பட்டறை, செங்கல் சூளை, தோல் பதனிடும் இடம், லயன், பணிமனை எங்கெல்லாம் என்னென்ன சாமி இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். பெயர், யார் பூசாரி, என்ன படையல், எப்போது யாரால் பெயர் மாற்றப்பட்டது, பெண்களுக்கு அங்கே என்ன இடம். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்களை ஒதுக்கிவைக்கும் வழக்கம் கோத்தரிடமும் இருந்தது, நம்மிடமும் இருக்கிறது. கோத்தர் ஊருக்குப் போவதென்றால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் கோயில் படம் பிடிக்கும் இடமல்ல. அவர்களில் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரலாற்றை அவர்களே எழுதட்டும், நாம் துணை நிற்போம்.

ஆயுத பூசை அன்று பட்டறையில் சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் வைக்கிறோம். மறுநாள் காலை அந்தச் சுத்தியலைப் பிடிக்கும் கைக்கு டீக்கடையில் எந்தக் குவளை தருகிறார்கள் என்று உங்கள் ஊரில் போய்ப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.